பெருவழிச் சாலையில் எப்பகுதி முதலில்?
டில்லி–கல்கத்தா நெடுஞ்சாலையும் நிதிப் பங்கீட்டின் கணக்கும்

டில்லியிலிருந்து கல்கத்தாவுக்கு, அதாவது இன்றைய கொல்கத்தாவுக்கு, ஒரு பார லாரி செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் ஆகும். இத்தொலைவுக்குள் ஹரியானாவின் தொழில் நகரங்கள், உத்தரப் பிரதேசத்தின் சமவெளி, பீகாரின் நெல் வயல்கள், சோன் ஆறு, சோட்டா நாகபுரிப் பீடபூமி, தாமோதர் நதியோரத்து நிலக்கரி வயல்கள், வங்காளத்தின் தாழ்ந்த சமவெளி ஆகிய யாவும் அடங்கிவிடுகின்றன. சாலை ஒன்றே எனினும் அது செல்லும் நிலம் ஒன்றன்று. அதன் மேல் ஓடும் வாகனங்களின் தொகையும் ஒன்றன்று. அது கடந்து செல்லும் மாநிலங்களின் கைப்பொருளும் ஒன்றன்று. இத்தகைய சாலை முழுவதையும் ஒரே வீச்சில் அகலப்படுத்தி உறுதிப்படுத்துவதற்குப் போதிய பணம் எந்த அரசாங்கத்திடமும் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே, எப்பகுதியை முதலில் எடுத்துக் கொள்வது, எப்பகுதியைக் காத்திருக்கச் செய்வது என்னும் வினா இச்சாலையின் வரலாறு நெடுகிலும் எழுந்து கொண்டே வந்திருக்கிறது. இவ்வினாவுக்கு விடை காண எஞ்சினீயர்களும் பொருளாதார அறிஞர்களும் கைக்கொண்ட முறைகளையும், அம்முறைகளில் உள்ள நிறைகுறைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

‘டிரங்க் ரோடு’ என்னும் ஆங்கிலத் தொடரில் ‘டிரங்க்’ என்பது அடிமரத்தைக் குறிக்கும். கிளைகள் பல பிரிந்தாலும் யாவற்றையும் தாங்கி நிற்பது அடிமரம். ‘அடிமரச் சாலை’ என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். தமிழ்க் கல்வெட்டுகளில் வழங்கும் ‘பெருவழி’ என்னும் சொல் இப்பொருளை நன்கு உணர்த்துவதால் அதனையே இங்குக் கையாண்டுள்ளோம்.

பதினாறாம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட ஷேர்ஷா சூர் 1540 முதல் 1545 வரையிலான தம் குறுகிய ஆட்சிக் காலத்தில் வங்காளத்துச் சோனார்காவ்ங் நகரிலிருந்து சிந்து நதி வரை இப்பெருவழியைச் சீர்படுத்தி, இடையிடையே சத்திரங்களையும் அமைத்தார். மொகலாயர் காலத்தில் நாட்டப்பெற்ற ‘கோஸ் மினார்’ எனப்படும் தொலைவுத் தூண்கள் சில இன்றும் சாலையோரங்களில் காணக் கிடைக்கின்றன. பின்னர் 1830-களில் பிரிட்டிஷ் ஆட்சியினர் இதனைக் கப்பிச் சாலையாக அமைக்கத் தொடங்கினர். அக்காலத்தில் முன்னுரிமை பற்றிய வினா எளிதாக இருந்தது. படைகளும் தபாலும் தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதே அளவுகோல். ரயில் பாதை வந்ததும் அந்த அளவுகோலும் மறைந்தது; சாலையும் நெடுநாள் மறக்கப்பட்டது. ஆறுகளைக் கடக்கும் பெரிய பாலங்கள் கூட ரயிலை முன்னிட்டே கட்டப்பட்டன. காசியில் கங்கையின் மீது 1887-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, இன்று மாளவியர் பெயரால் வழங்கும் பாலத்தின் மேல்தட்டில் பெருவழிச் சாலைக்கு இடம் கிடைத்தது ஒரு நற்பேறு எனலாம்.

பெட்ரோல் செலவே அளவுகோல்

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வாகனங்கள் பெருகின. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின்படி சாலைகள் மாகாணங்களின் பொறுப்பில் விடப்பட்டிருந்தமையால், பல மாகாணங்களைக் கடந்து செல்லும் ஒரு சாலைக்கு எவரும் முழுப் பொறுப்பு ஏற்கவில்லை. இந்நிலையை ஆராய 1927-ஆம் ஆண்டில் எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவின் அறிக்கையை ஒட்டி, பெட்ரோல் மீது காலன் ஒன்றுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்து, அத்தொகையைத் தனி நிதியாகச் சேர்க்கும் ஏற்பாடு 1929 மார்ச்சு மாதத்தில் தொடங்கியது.

இந்நிதியை எவ்வாறு பங்கிடுவது? மத்திய அரசாங்கம் ஒரு சிறு பகுதியைத் தன்னிடம் வைத்துக் கொண்டு, எஞ்சியதை ஒவ்வொரு மாகாணத்திலும் செலவாகும் பெட்ரோலின் அளவுக்கு ஏற்பப் பகிர்ந்தளித்தது. வரி கொடுத்தவனுக்கே பயன் சேர வேண்டும் என்பது இதன் நியாயம். நியாயம் தெளிவானதே, ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பம்பாய், கல்கத்தா போன்ற பெருநகரங்களைக் கொண்ட மாகாணங்களில் கார்கள் மிகுதி. ஆதலால் பங்கும் மிகுதி. சாலை இல்லாத காரணத்தாலேயே மோட்டார் வாகனம் நுழையாத பகுதிகளுக்குப் பங்கும் குறைவு. சாலை இல்லாமையால் வாகனம் இல்லை, வாகனம் இல்லாமையால் பெட்ரோல் செலவு இல்லை, பெட்ரோல் செலவு இல்லாமையால் சாலைக்குப் பணம் இல்லை என ஒரு சக்கரம் சுழலலாயிற்று. நெடுஞ்சாலை ஒன்று இவ்விரு வகைப் பகுதிகளையும் ஊடுருவிச் செல்லும்போது, அதன் இரு முனைகள் செழித்து, இடைப்பகுதி நலிந்து கிடப்பது இயல்பே.

நாகபுரிச் சூத்திரம்

1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமை எஞ்சினீயர்களின் மாநாடு இச்சக்கரத்தை உடைக்க முற்பட்டது. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டப் பெருஞ்சாலை, மாவட்டச் சிறுசாலை, கிராமச் சாலை என்னும் இன்றைய பாகுபாடு அம்மாநாட்டில் உருவாயிற்று. ஒரு பகுதிக்கு எத்தனை மைல் பெருஞ்சாலை தேவை என்பதை வாகனத் தொகையைக் கொண்டு கணிக்காமல், நிலத்தையும் ஊர்களையும் கொண்டு கணிக்கும் ஒரு சூத்திரத்தையும் அது வகுத்தது. பயிரிடும் நிலத்தின் பரப்பைச் சதுர மைலில் கொண்டு ஐந்தால் வகுக்க வேண்டும். பயிரிடாத நிலத்தின் பரப்பை இருபதால் வகுக்க வேண்டும். 2,001 முதல் 5,000 வரை மக்கள் வாழும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மைலும், அதனினும் பெரிய ஊர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மைலும் சேர்க்க வேண்டும். எதிர்கால வளர்ச்சிக்கென இக்கூட்டுத் தொகையில் 15 சதவீதம் கூட்டிக் கொண்டு, அப்பகுதியில் உள்ள ரயில் பாதையின் நீளத்தைக் கழித்தால் கிடைப்பதே தேவையான மைல் கணக்கு.

பள்ளி மாணவர்களும் செய்து பார்க்கத்தக்க இக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2,000 சதுர மைல் பரப்புள்ள இரு மாவட்டங்களைக் கற்பனை செய்து கொள்வோம். முதல் மாவட்டத்தில் 1,500 சதுர மைல் பயிர் நிலம், 500 சதுர மைல் பிற நிலம், 20 சிற்றூர்கள், 10 பேரூர்கள், 60 மைல் ரயில் பாதை. கணக்கு 300, 25, 20, 50 எனக் கூடி 395 ஆகிறது. 15 சதவீதமாகிய 59-ஐக் கூட்டி, ரயிலுக்கு 60 கழித்தால் 394 மைல். இரண்டாவது மாவட்டம் காடும் குன்றும் நிறைந்தது: பயிர் நிலம் 500, பிற நிலம் 1,500, சிற்றூர் 8, பேரூர் 3, ரயில் அதே 60 மைல். இங்கு 100, 75, 8, 15 கூடி 198. அதனுடன் 30 கூட்டி 60 கழித்தால் 168 மைல் மட்டுமே. பரப்பு ஒன்றாயிருந்தும் ஒரு மாவட்டத்துக்கு மற்றதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சாலை கிடைத்துவிடுகிறது.

ரயில் பாதையைக் கழிக்கும் விதி இங்குத் தனியே கவனிக்கத்தக்கது. ரயில் ஓடும் இடத்தில் சாலைக்குத் தேவை குறைவு என்பது அன்றைய கொள்கை. ஆனால் 1906-இல் திறக்கப்பட்ட ‘கிராண்ட் கார்டு’ ரயில் பாதை, மொகல்சராய் என முன்னர் வழங்கிய சந்திப்பிலிருந்து கயை, தன்பாத் வழியாகச் செல்கிறது. பெருவழிச் சாலையும் ஏறத்தாழ அதே திசையில் செல்கிறது. ஆகவே, ரயில் வந்த ஒரே காரணத்தால் அவ்வழியிலுள்ள மாவட்டங்கள் தம் கணக்கில் சாலை மைல்களை இழந்தன. கயையைச் சுற்றியுள்ள உழவன் தன் நெல்லை ரயில் நிலையம் வரை கொண்டு செல்லவும் சாலைதான் வேண்டும் என்பதை அச்சூத்திரம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1961 முதல் 1981 வரைக்கென வகுத்த அடுத்த இருபதாண்டுத் திட்டம், அதாவது பம்பாய்த் திட்டம், இக்குறைகளில் சிலவற்றை நீக்கிற்று. ரயில் கழிவு கைவிடப்பட்டது. தேசிய நெடுஞ்சாலைக்கு, வளர்ச்சியுற்ற நிலத்தில் 64 சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், ஓரளவு வளர்ந்த நிலத்தில் 80-க்கு ஒன்று, வளராத நிலத்தில் 96-க்கு ஒன்று என விகிதம் வகுக்கப்பட்டது. நாகபுரியில் ஒன்றுக்கு நான்காக இருந்த வேற்றுமை இங்கு ஒன்றுக்கு ஒன்றரையாகச் சுருங்கியதைக் காணலாம். வளராத பகுதிக்கு இன்னமும் குறைவான பங்கே என்று குறை கூறுவோர் கூறலாம். எனினும் ஆளில்லாத நிலத்தில் அகன்ற சாலை அமைத்து, அதைப் பழுது பார்க்க ஆண்டுதோறும் பணம் தேடுவதும் ஒரு வகை வீண் செலவே.

1947 ஏப்ரல் முதல் தேசிய நெடுஞ்சாலைகளின் பொறுப்பை மத்திய அரசாங்கம் ஏற்றது. 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அதை உறுதிப்படுத்திற்று. டில்லி–கல்கத்தாச் சாலை இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று. 2010-இல் எண்கள் மாற்றப்பட்ட பின், ஆக்ராவிலிருந்து கிழக்கே செல்லும் பகுதி 19-ஆம் எண்ணைப் பெற்றது.

எண்ணிக்கையும் அதன் மறைவும்

மைல் கணக்கு எவ்வளவு சாலை வேண்டும் என்பதைக் கூறும். இருக்கும் சாலையில் எப்பகுதியை முதலில் அகலப்படுத்துவது என்பதை அது கூறாது. அதற்கு வாகனங்களை எண்ணியாக வேண்டும். இப்பத்திரிகையை வாசிக்கும் களப் பணியாளர்களில் பலர் சாலையோரம் அமர்ந்து எண்ணிக்கைத் தாளில் ஐந்தைந்தாகக் கோடு கிழித்த அனுபவம் உடையவராகவே இருப்பர்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறியின்படி, ஊர்ப்புறச் சாலைகளில் ஆண்டுக்கு இருமுறையேனும் எண்ணிக்கை நடத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாட்கள், இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் எண்ண வேண்டும். ஒன்று அறுவடையும் சந்தையும் மும்முரமாக நடக்கும் பருவத்திலும், மற்றொன்று வேலை மந்தமான பருவத்திலும் அமைய வேண்டும். ஏழு நாட்கள் என்பதற்குக் காரணம் வாரச் சந்தை. சந்தை நாளன்று மட்டும் எண்ணினால் கணக்கு வீங்கும். அதை விட்டுவிட்டால் மெலியும்.

எண்ணியவற்றை அப்படியே கூட்டிவிடவும் இயலாது. சைக்கிளும் லாரியும் சாலையில் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. ஆதலால் யாவும் ‘கார் அலகு’ என்னும் பொது அளவுக்கு மாற்றப்படுகின்றன. கார் ஒன்று; லாரியும் பஸ்ஸும் மூன்று; சைக்கிள் அரை. மாட்டு வண்டிக்கு 1990-ஆம் ஆண்டு நெறியில் குறிக்கப்பட்ட மதிப்பு எட்டு! ஒரு மாட்டு வண்டி எட்டுக் கார்களுக்குச் சமம் என்பது வியப்பாகத் தோன்றலாம். வண்டியின் நீள அகலம் இதற்குக் காரணமன்று. அதன் வேகமே காரணம். மெல்லச் செல்லும் வண்டியின் பின்னால் முந்திச் செல்ல வழியின்றி ஊர்ந்து வரும் வாகன வரிசையை நினைத்துப் பார்த்தால் எட்டு என்பது மிகையாகத் தோன்றாது. இவ்வாறு மாற்றிய பின், சமவெளியில் ஏழு மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 கார் அலகுகளைத் தாங்கும் எனக் கொள்ளப்பட்டது. அதற்கு மேல் சென்றால் நான்கு வழியாக அகலப்படுத்துவது பற்றி எண்ண வேண்டும்.

இம்முறையில் ஒரு மறைவான குறை உண்டு. எண்ணிக்கையாளர் சாலைக்கு வந்தவற்றையே எண்ணுகிறார். வர விரும்பியும் வராதவற்றை எண்ண வழியில்லை. குண்டும் குழியுமான சாலையைக் கண்டு வேறு வழியே சுற்றிச் சென்ற லாரியும், மழைக்காலத்தில் சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிய காய்கறிக் கூடையும் தாளில் இடம் பெறுவதில்லை. ஆகவே மோசமான சாலை, எண்ணிக்கைத் தாளில், தேவையற்ற சாலை போலத் தோற்றம் அளிக்கிறது. 1929-இல் பெட்ரோல் கணக்கில் கண்ட அதே சக்கரம் இங்கும் வேறு உருவில் சுழல்கிறது. இக்குறையை ஓரளவு நீக்க, லாரிகளை நிறுத்தி எங்கிருந்து எங்கே செல்கின்றன என்று கேட்டறியும் ஆய்வு துணை செய்யும். கேள்வித் தாளில் ‘வேறு வழியாகச் செல்வதுண்டா, ஏன்’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பது, கூடுதல் செலவின்றிப் பெரும் பயன் தரும் என்பது எமது கருத்து.

அச்சின் பாரம்

வாகனங்களின் தொகை சாலையின் அகலத்தை முடிவு செய்கிறது. அதன் கனத்தை முடிவு செய்வது பாரம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெருஞ்சோதனையில், பாரம் ஏற்றிய லாரிகளைப் பல வகைத் தளங்களின் மீது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தனர். அச்சு ஒன்றின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்பது அதில் தெரிய வந்த உண்மை. சேதம் பாரத்தின் நான்காவது படிக்கு ஒத்து வளர்கிறது என்று கணிதத்தில் கூறுவர்.

நம் நாட்டில், நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சுக்குச் சட்டம் அனுமதித்த பாரம் 10.2 டன்னாக இருந்தது. 2018 ஜூலையில் அது 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பாரம் கூடியது எட்டில் ஒரு பங்கு அளவே. ஆயினும் நான்காம் படி விதியின்படி, முழுப் பாரத்துடன் செல்லும் அத்தகைய அச்சு ஒவ்வொன்றும் விளைக்கும் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஆசிரியர்கள் வகுப்பில் 11.5-ஐ 10.2-ஆல் வகுத்து, வந்த ஈவைத் தன்னாலேயே நான்கு முறை வைத்துப் பெருக்கச் செய்து இதைக் காட்டலாம்.

டில்லி–கல்கத்தாச் சாலையில் இவ்விதியின் பொருள் யாது? டில்லி, ஆக்ரா பக்கத்தில் கார்களும் பஸ்களும் மிகுதி. ஜார்க்கண்டிலும் மேற்கு வங்காளத்தின் ஆசன்சோல், துர்காபூர் பகுதியிலும் நிலக்கரி, உருக்கு முதலியவற்றை ஏற்றிய கனமான லாரிகளின் விகிதம் மிகுதி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மேற்குப் பகுதியே பணத்துக்கு உரியது. தளத்தின் சிதைவைப் பார்த்தாலோ கிழக்குப் பகுதி வேறு வகையில் உரிமை கொண்டாடும். அகலத்துக்கான பணமும் கனத்துக்கான பணமும் வெவ்வேறு கணக்குகள் என்பதைத் திட்ட வரைவுகளில் பிரித்துக் காட்டாவிடில், ஒரு வட்டாரத்தின் தேவை மற்றொன்றின் தேவைக்குள் மறைந்துவிடும்.

நலிந்த கண்ணியின் கணக்கு

சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியளவே. சாலைக்கும் இது பொருந்துமா என்பதை எண்களால் சோதித்துப் பார்ப்போம். 100 கிலோமீட்டர் நீளமுள்ள இரு பகுதிகள் உள்ளன எனக் கொள்வோம். முதற்பகுதி நல்ல நிலையில் உள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். அதைச் செப்பனிட்டால் வேகம் 80 ஆகும். பயண நேரம் 100 நிமிடத்திலிருந்து 75 நிமிடமாகக் குறைகிறது. மிச்சம் 25 நிமிடம். இரண்டாம் பகுதி சிதைந்து கிடப்பது. வேகம் 20 மட்டுமே. அதைச் செப்பனிட்டு 30 ஆக்கினால், 300 நிமிடம் 200 நிமிடமாகிறது. மிச்சம் 100 நிமிடம். முன்னதில் நாளொன்றுக்கு 12,000 வாகனங்களும் பின்னதில் 4,000 வாகனங்களும் செல்கின்றன என்று வைத்துக் கொண்டால், முதற்பகுதியில் மிச்சமாகும் மொத்த நேரம் 3 லட்சம் நிமிடம். இரண்டாவதில் 4 லட்சம் நிமிடம். மூன்றில் ஒரு பங்கு வாகனங்களே செல்லும் பகுதி கூடுதல் பயனைத் தருகிறது. செலவு இரண்டிலும் ஒன்றாயின், முன்னுரிமை நலிந்த பகுதிக்கே உரியது. வேகம் குறைந்த இடத்தில் சிறு முன்னேற்றமும் பெரு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதே இதன் உட்பொருள்.

இக்கணக்கில் நேரம் மட்டுமே இடம் பெற்றது. டயர் தேய்வு, எரிபொருள், வில்தகடுகளின் முறிவு ஆகியவற்றையும் சேர்த்தால் நலிந்த பகுதியின் உரிமை மேலும் வலுப்பெறும். மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம் 1977 முதல் 1982 வரை நடத்திய ஆய்வு, இந்தியச் சாலைகளின் தளக் கரடுமுரடு வாகனச் செலவை எவ்வாறு கூட்டுகிறது என்பதை அளந்து தந்தது. அவ்வாய்வின் முடிவுகள் பின்னர் உலக வங்கியின் சாலைத் திட்ட மதிப்பீட்டு முறையிலும் இடம் பெற்றன.

நலிந்த கண்ணிக்கு இப்பெருவழியிலேயே நல்ல சான்றுகள் உள. பீகாரில் டேஹ்ரி என்னும் ஊரருகே சோன் ஆறு மிக அகன்று ஓடுகிறது. ரயில் அவ்விடத்தில் 1900-ஆம் ஆண்டிலேயே பாலம் பெற்றுவிட்டது. சாலைக்கோ கல்லாலான தரைப்பாலமே இருந்தது. வெள்ளம் வந்தால் அது மூழ்கும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்ட சாலைப் பாலம் 1965-இல்தான் அமைந்தது. ஆற்றின் இரு கரையிலும் சாலை எவ்வளவு சீராக இருந்தும், வெள்ள நாட்களில் அது ஒரே சாலையாக இருக்கவில்லை. மற்றொரு சான்று மேற்கு வங்காளத்துப் பானாகர். நான்கு வழிச் சாலை இரு புறமும் முடிந்த பிறகும், அவ்வூர்க் கடைவீதி வழியே செல்லும் குறுகிய பகுதி பல ஆண்டுகள் அகலப்படுத்தப்படாமலே இருந்தது. கடைகளை இடிப்பதா, ஊரைச் சுற்றிப் புதிய வழி அமைப்பதா என்னும் தகராறு நீண்டு, முடிவில் புறவழிச் சாலை அமைந்த பின்பே நெரிசல் தீர்ந்தது. கடைக்காரர்களின் வாழ்க்கையும் அங்கே தராசில் இருந்தது என்பதை மறத்தலாகாது. நெரிசல் பிறருக்குத் தொல்லை, அவர்களுக்கோ வியாபாரம்.

நாற்கரச் சாலையின் பாடம்

1998-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை வளர்ச்சித் திட்டம் முன்னுரிமை வினாவுக்குத் துணிவான விடை ஒன்றைத் தந்தது. டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டரை முதலில் நான்கு வழியாக்குவது. பிறவற்றைப் பின்னர் பார்ப்பது. இதில் டில்லி–கொல்கத்தாப் பக்கம் 1,453 கிலோமீட்டர். பெட்ரோல், டீசல் இரண்டின் மீதும் லிட்டருக்கு ஒரு ரூபாய் வரி விதித்துப் பணம் சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் மத்தியச் சாலை நிதிச் சட்டம் அதன் பங்கீட்டை வரையறுத்தது. டீசல் வரியில் பாதி கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. டீசலில் மறுபாதியும் பெட்ரோல் வரி முழுவதும் சேர்ந்த தொகையில், 57.5 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும், 30 சதவீதம் மாநிலச் சாலைகளுக்கும், 12.5 சதவீதம் ரயில் கடவுப் பாலங்களுக்கும் என்பது அதன் ஏற்பாடு.

நாற்கரச் சாலையின் நான்கு பக்கங்களும் ஒரே முறையில் பணம் பெறவில்லை. வாகனம் மிகுந்த இடங்களில் சுங்க வசூலை நம்பித் தனியார் முன்வருவர். வசூல் உறுதியற்ற இடத்தில் அவர்கள் தயங்குவர். உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்டு வழியே செல்லும் நீண்ட பகுதிக்கு 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் உலக வங்கி அளித்த கடன்கள் பெரிதும் உதவின. மேற்கு வங்காளத்தில் பானாகரிலிருந்து பால்சிட் வழியாக டான்குனி வரையுள்ள பகுதியில் வேறு முறை கையாளப்பட்டது. தனியார் கட்டித் தருவர். அரசாங்க அமைப்பு ஆண்டுதோறும் குறித்த தொகையைத் தவணையாகச் செலுத்தும். வாகனம் கூடினாலும் குறைந்தாலும் அதன் விளைவு அரசாங்கத்தையே சாரும். ஆக, பொதுப்பணம் எங்கே தேவை என்பதற்குப் புதிய அளவுகோல் ஒன்று தோன்றியது: தனியார் பணம் எங்கே வராதோ அங்கே. முன்னைய அளவுகோல்களினும் இது நலிந்த வட்டாரங்களுக்கு நன்மை பயப்பது என்றே கூறலாம்.

ஆனால் ஒதுக்கிய பணம் முழுவதும் சாலையாக மாறுவதற்கு ஒதுக்கீடு மட்டும் போதாது. கோடர்மா பகுதியில் பணியாற்றிய எஞ்சினீயர் சத்தியேந்திர துபே, வேலையில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதம மந்திரிக்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தும் அது வெளிப்பட்டது. 2003 நவம்பர் 27-ஆம் நாள் அவர் கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2010-இல் நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. எண்ணிக்கைத் தாளும் தளத்தின் கன அளவும் உண்மையாக எழுதப்பட வேண்டுமாயின், அவற்றை எழுதும் களப் பணியாளருக்குப் பாதுகாப்பு இருத்தல் வேண்டும். முன்னுரிமை பற்றிய சூத்திரங்கள் யாவும் இந்த ஒன்றன் மீதே நிற்கின்றன.

நாற்கரச் சாலை முழுமையுற்றதென 2012 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பயனை அளந்த ஆய்வுகளில் ஒன்று, சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள மாவட்டங்களில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் உற்பத்தி நன்கு பெருகியதாகவும், 10 முதல் 50 கிலோமீட்டர் வரை தள்ளியுள்ள மாவட்டங்களில் அத்தகைய பெருக்கம் காணப்படவில்லை எனவும் கண்டது. பயனின் எல்லை இவ்வளவு குறுகியதாக இருப்பது சிந்திக்கத்தக்கது. பெருவழியின் நன்மை அதன் ஓரத்திலேயே தங்கிவிடுகிறது. இணைச் சாலைகள் இல்லாவிடில் உள்ளூர்களை எட்டுவதில்லை. ஆகவே பெருவழிக்குச் செலவிடும் பணத்தோடு, அதில் வந்து சேரும் மாநிலச் சாலைகளுக்குச் செலவிடும் பணத்தையும் சேர்த்தே ஒரு வட்டாரத்தின் பங்கை மதிப்பிட வேண்டும்.

மாநிலச் சாலைகளுக்கான பங்கு முதலில் எரிபொருள் செலவுக்குக் கூடுதல் எடையும் நிலப்பரப்புக்குக் குறைந்த எடையும் தந்து பிரிக்கப்பட்டது. பின்னர் அது தலைகீழாக மாறி, எரிபொருளுக்கு 30 பங்கு, பரப்புக்கு 70 பங்கு என அமைந்தது. நலிந்த மாநிலங்களுக்கு இதனால் நன்மை உண்டு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எல்லா நலிந்த மாநிலங்களுக்கும் அது உண்மையா என்று பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, பீகாரின் பரப்பு ஏறத்தாழ 94,000 சதுர கிலோமீட்டர்; மக்கள் 10 கோடிக்கும் மேல். ராஜஸ்தானின் பரப்பு ஏறத்தாழ 3,42,000 சதுர கிலோமீட்டர். மக்கள் 7 கோடிக்கும் குறைவு. பரப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ராஜஸ்தானின் பங்கு பீகாரின் பங்கைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பாலைவனத்தில் ஊர்கள் தொலைவில் இருப்பதால் நீண்ட சாலைகள் தேவை என்பது மெய்யே. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேர் வாழும் பீகாரில், அதே ஒரு கிலோமீட்டர் சாலையை ஐந்து மடங்குக்கு மேற்பட்ட மக்கள் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. எரிபொருள் கணக்கிலும் பின்தங்கி, பரப்புக் கணக்கிலும் பின்தங்கி நிற்கும் இத்தகைய மாநிலத்துக்கு, மக்கள் தொகை என்னும் மூன்றாவது எடையைச் சேர்த்தாலன்றி உரிய பங்கு கிடைக்க வழியில்லை. நாகபுரிச் சூத்திரத்தில் ஊர்களின் எண்ணிக்கைக்கு இடம் இருந்தது. பிற்காலப் பங்கீட்டில் அது எவ்வாறோ விடுபட்டுப் போயிற்று.